ஜெட்டு நடந்துதான் போனது

அந்தக் கூண்டைத்தானே பார்க்கிறீங்க? பாருங்க, பாருங்க. இந்த நர்சரிக்கு வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். பிறகு, "ஏம்மா, இவ்ளோ பெரிய கூண்டுல மணி பிளான்ட்ட அடைச்சு வச்சிருக்கீங்களே, வெளிய விட்டா ஓடிப்போயிடுமா?" என்று கேட்பார்கள். நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்கத்தான் போறீங்க, முகத்திலேயே தெரிகிறது.

அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கூண்டைப் பற்றி யார் கேட்டாலும் நான்தான் முழுக்கதையும் சொல்ல வேண்டும், அதுதான் முதலாளி எனக்குப் போட்டிருக்கிற தண்டனை. உங்கள் தென்னம்பிள்ளைகளை ஏற்றப் போகிற குட்டியானை வண்டி இன்னும் பேராவூரணி கடைத்தெருவைத் தாண்டியிருக்காது. அந்த டிரைவர் டீயும் வடையும் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். ஸ்டூலில் உட்காருங்க அண்ணே. ஐயோ, அதில் இல்லை, அதற்கு மூன்று கால்தான். பக்கத்தில் இருக்கிறது பாருங்க, அதில்.

என் பேர் தையல்நாயகி. வயது பதினேழு. ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாது, பேர் மட்டும் தையல். பதினொன்றாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்பீங்க, அதையும் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் வாத்தியார் போர்டில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டார். தப்பு என்றேன். "அப்ப நீயே வந்து நடத்து" என்றார். போய் நடத்தினேன். விடை வந்தது. "வெளிய போ" என்றார். அவர் சொன்னது வகுப்பு வாசலுக்கு. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டேன். எனக்கு எதையுமே பாதியில் நிறுத்தத் தெரியாது, பள்ளிக்கூடத்தைத் தவிர.

ஆடி மாதம் அது. காற்று உங்களுக்குத் தெரியுமே, நிழல்வலை எல்லாம் பிய்த்துக்கொண்டு பறக்கும். அந்தக் காற்றில், வாய்க்கால் ஓரத்துத் தாழம்புதருக்குக் கீழே ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. அதை நான் காப்பாற்றினேன். காப்பாற்றினேன் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் அதற்கு இருக்கிறது கச்சேரி.

குஞ்சு என்றால் அழகாக மஞ்சளாக நினைக்காதீங்க. கன்னங்கரேல் என்று தோல். அதன்மேல் வயதானவர்கள் காதில் முளைத்திருக்குமே, அந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக முடி. வாயைத் திறந்தால் உள்ளே செக்கச்செவேல். கையில் தூக்கினேன். தூக்கின மரியாதைக்குப் பின்பக்கத்திலிருந்து தார் மாதிரி ஒன்றை என் முகத்தில் பீய்ச்சி அடித்தது. நாற்றம் என்றால், செத்த எலியை மோரில் ஊறவைத்த நாற்றம். மூன்று தடவை சோப்பு போட்டேன், போகவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு மட்டும் காலி. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட உட்காரவில்லை.

எங்கள் நர்சரியில் பாக்கெட்டில் மண் நிரப்புகிற அன்னக்கொடி அக்காதான் முதலில் பார்த்தது. "இது என்னாடி, பேய் போட்ட முட்டையில பொரிச்சதா?" என்று கேட்டது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போட்டோ எடுத்து என் சின்னம்மா மகன் பன்னீருக்கு அனுப்பினேன். பன்னீர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ஐந்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது. "ஏய் தையலு, இது ராஜாளிடி! இங்க அரபிக்காரன் கையில தோல் உறை மாட்டி வச்சிருப்பான் பாரு, அதேதான். இங்க அதுக்குப் பாஸ்போர்ட்டே உண்டு. எனக்குக்கூட அது கிடைக்க ரெண்டு வருஷம் ஆச்சு. பத்திரமா வளர்த்துடு."

அவன் ஏ.சி. கழற்றப் போகிற வீடுகளில் தூரத்தில் நின்று ராஜாளியைப் பார்த்திருக்கிறான். குஞ்சைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஷார்ஜாவிலிருந்து ஒருத்தன் சொன்னால் அது தப்பாக இருக்குமா? வாத்தியார் போர்டில் போட்ட கணக்கை நம்பாதவள் பன்னீரை நம்பினேன். என் அறிவு அப்படி.

ராஜாளிக்கு ஜெட்டு என்று பேர் வைத்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "ராஜாளி வளர்ப்பவள்" என்று போட்டேன். எழுபத்தெட்டுப் பேர் பார்த்தார்கள். அந்த ஸ்டேட்டஸை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

முதல் நாள் பாலில் ரொட்டி ஊறவைத்துக் கொடுத்தேன். துப்பியது. இட்லி கொடுத்தேன். என்மேலேயே துப்பியது. "அது என்னா உன்னைப் பொண்ணு பார்க்கவா வந்திருக்கு, இட்லி தர்றே? பூச்சி புடிச்சுக் குடுடி" என்றது அன்னக்கொடி அக்கா. வெட்டுக்கிளி பிடித்தேன். விழுங்கியது. தென்னம்பிள்ளைக் குருத்தைத் தின்கிற நத்தைகளை ஓடு உடைத்துக் கொடுத்தேன். விழுங்கியது. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் வாயைப் பிளந்துகொண்டு கத்தும். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை கத்தும். நர்சரியில் நத்தையே இல்லாமல் போனது. "புள்ள நல்லா வேலை பார்க்குது" என்று முதலாளி என்னைப் பாராட்டினார். இங்கே சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் பாராட்டு. அது எனக்கு இல்லை, ஜெட்டின் வயிற்றுக்கு.

பகலில் தக்காளிப் பெட்டியில் வலையைப் போட்டு மூடி அந்த வேலியோரம் வைப்பேன். சாயங்காலம் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோவேன். ஒரு வாரத்தில் உடம்பு தேறியது. பறக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமே! கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டேன், அரபிக்காரன் மாதிரி. தண்ணீர்த் தொட்டியின் மூன்றாவது படியில் ஏறினேன். ஜெட்டைக் கையில் நிறுத்தி, "போடா ராசா" என்று வீசினேன். ஈரத்துணி விழுகிற மாதிரி தொப்பென்று தென்னம்பிள்ளைகளுக்கு நடுவில் விழுந்தது. கீழே பாக்கெட் மண் இருந்ததால் பிழைத்தது. எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடந்தே பெட்டிக்குத் திரும்பியது. மறுநாளும் அப்படியே. "சோம்பேறி, ராஜாளிக் குலத்துக்கே அவமானம்" என்று நாலு நாள் அதைத் திட்டியிருக்கிறேன்.

இதற்கிடையில், முதல் நாளிலிருந்தே ஒரு செம்போத்து வேலிக்கு வந்துகொண்டிருந்தது.

செம்போத்து தெரியும்தானே? காக்கை மாதிரி கறுப்பு, முதுகிலும் றெக்கையிலும் செங்கல் நிறம், ரத்தச் சிவப்பில் கண். காலையில் அது கண்ணில் பட்டால் போகிற காரியம் ஜெயம் என்று எங்கள் முதலாளி ராசமாணிக்கத்துக்கு அப்படி ஒரு நம்பிக்கை. வங்கிக்குப் போகும்போது செம்போத்து தென்படவில்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப்பட்டவரின் வேலியிலேயே அது தினமும் காலையில் வந்து உட்கார்ந்தால்? செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்.

நான் உண்டிவில்லால் அடிப்பேன்.

எனக்குச் செம்போத்தைத் தெரியும். எங்கள் வீட்டு அடைக்கோழியின் முட்டை ஏழையும் குடித்த ஜாதி அது. குஞ்சையும் விடாது. என் ஜெட்டைத் தின்னத்தான் வருகிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வேலியில் உட்காரும், பெட்டியையே பார்க்கும், மெதுவாக "ஊப்... ஊப்..." என்று அடித்தொண்டையில் கூப்பிடும். அதைவிட எனக்கு எரிச்சல் என்னவென்றால், ஒரு நாளும் அது வெறும் வாயோடு வந்ததில்லை. ஒரு நாள் வெட்டுக்கிளி. ஒரு நாள் ஓணான் குட்டி. வாயில் ஏற்கெனவே ஒன்றை வைத்துக்கொண்டு என் பிள்ளையையும் கேட்கிறதே, என்ன பேராசை! கல்லை வைத்து இழுத்துவிடுவேன். பறந்துவிடும். அரைமணியில் திரும்ப வரும். வாயில் வேறொன்று இருக்கும்.

"லட்சுமி வந்து உட்காருது, நீ கல்ல விட்டு எறியிறியே, வெளங்குமா?" என்று முதலாளி ஒரு நாள் உண்டிவில்லைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு இன்னொன்று செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? கொய்யாக் கிளை இருக்கிறது, சைக்கிள் டியூப் இருக்கிறது.

இதே சமயத்தில் வேலிக்கு இன்னொரு தொல்லையும் வந்துகொண்டிருந்தது. எங்கள் அம்மா. தினமும் மதியம் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து வருவார்கள். தூக்குக்கு அடியில் ஒரு காகிதம் மடித்திருக்கும். பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்கிறதற்கான ஃபாரம். நான் தூரத்திலிருந்தே, "வச்சுட்டுப் போம்மா, வேலை கெடக்கு" என்று கத்துவேன். அப்புறம் போய்த் தூக்கை எடுப்பேன். சோற்றைத் தின்பேன். ஃபாரத்தைத் தூக்குக்கு அடியிலேயே திருப்பி வைத்துவிடுவேன். மறுநாள் அதே ஃபாரம் இன்னும் கொஞ்சம் புளிக்குழம்புக் கறையோடு வரும். அம்மாவுக்கும் வேறு வேலை இல்லை. சரி, அதை விடுங்க, கதை ஜெட்டைப் பற்றி.

பன்னிரண்டாவது நாள் அன்னக்கொடி அக்கா வெற்றிலை போட உட்கார்ந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. ஜெட்டு சோம்பல் முறிக்க ஒரு பக்கத்து றெக்கையை விரித்தது. அக்கா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டது.

"ஏ தையலு. இங்க வா. ராஜாளிக்குச் செங்கல் கலர்ல றெக்கை இருக்குமா?"

பார்த்தேன். இருந்தது. கறுப்புக் கோடு கோடாக, ஆனால் செங்கல் கலர்தான்.

"அரபு நாட்டுல இருக்கும்போல" என்றேன். என் வாய் அப்போதுகூடச் சும்மா இருக்கவில்லை.

"அடி வெளங்காதவளே, இது செம்போத்துக் குஞ்சுடி!"

அந்த நேரம் பார்த்து வேலியில் "ஊப்... ஊப்..." என்று சத்தம். ஜெட்டு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து பதில் சத்தம் போட்டது. வேலியில் இருந்ததன் வாயில் பச்சை வெட்டுக்கிளி, கால் இன்னும் உதறிக்கொண்டிருக்கிறது. அதை எனக்குக் காட்டுகிற மாதிரி பிடித்திருந்தது. என் கையில் உண்டிவில். கல்லும் வைத்தாயிற்று.

அண்ணே, அந்த இடத்தில் என்னை யாராவது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாளாகப் பிள்ளைக்குச் சோறு கொண்டுவந்ததைப் பன்னிரண்டு நாளும் கல்லால் அடித்திருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. முதலில் காற்றில் விழுந்தது என்று சொன்னேன் இல்லையா? அது பொய். அன்றைக்குக் காற்றே இல்லை. தாழம்புதரை வேலிக்கல் வரைக்கும் மட்டும் கழிக்கச் சொன்னார் முதலாளி. எனக்கு அளவு பார்த்து வெட்டப் பொறுமை ஏது? அரிவாளை எடுத்து ஒரே வீச்சாக உள்ளே போய்விட்டேன். ஒரு மட்டையோடு கூட்டில் பாதியும் ஒரு குஞ்சும் வந்தன. மீதிக் கூடு புதருக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதில் இன்னும் இரண்டு குஞ்சு. அதனால்தான் தாய் இந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை. நானே வெட்டித் தள்ளி, நானே தூக்கிவந்து, நானே காப்பாற்றினேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே பெட்டியைத் திறந்து விட்டிருக்கலாம். ஆனால் அன்னக்கொடி அக்கா ரகசியம் காக்கிற ஆள் இல்லை. மாலைக்குள் முதலாளி வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார். கை தானாகக் குவிந்தது.

"தேடி வந்த லட்சுமியடி இது! வாசல்ல கூண்டு வைக்கிறோம். உள்ள வர்ற ஒவ்வொரு ஆளும் இது மூஞ்சியில முழிச்சுட்டுத்தான் தென்னம்பிள்ள வாங்கணும். பட்டறையில சொல்லிட்டு வரேன். வெள்ளிக்கிழமை கூண்டு வந்துரும். ஆடி வெள்ளி, அன்னைக்கே குடிவச்சிரலாம்."

"அத அடைச்சு வச்சா செத்துப்போயிடும் மொதலாளி."

"நீ வச்சிருந்தியே, செத்துச்சா?"

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, இங்கேயே இருக்கட்டும், வலையோடு கொட்டகைக்குள் பூட்டி வைக்கிறேன் என்றார். காலையில் எடுத்து வேலியோரம் வைப்பது மட்டும் என் வேலை. இருந்தது மூன்று நாள்.

சும்மா புதரில் கொண்டுபோய் விட்டுவிட முடியாது. அதற்கு நத்தை ஓட்டை உடைக்கத் தெரியாது, நான்தானே உடைத்துக் கொடுத்தேன். கீரியைப் பார்த்தால் ஓடத் தெரியாது. தாய் வந்து கூட்டிப்போனால்தான் பிழைக்கும். தாயோ என் தலையைக் கண்டாலே பறக்கிறது. அதற்கு என்னை நன்றாகத் தெரியும். வேலைக்கு மேல்சட்டையாக நான் போடுகிற இந்த நீலக் கட்டம் போட்ட சட்டையும் தெரியும்.

புதன்கிழமை சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியின் வலையை எடுத்துவிட்டு, தென்னம்பிள்ளை வரிசைக்குப் பின்னால் ஒளிந்தேன். பத்து நிமிடம் இருந்தேன். வருகிறதா இல்லையா என்று எழுந்து பார்த்தேன். வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துப் போய்விட்டது.

வியாழக்கிழமை அரைமணி இருந்தேன். வேலி வரைக்கும் வந்துவிட்டது. காலில் கட்டெறும்பு ஏறியது. பொறுத்தேன். தொடையில் ஏறியது. "அம்மா!" என்று கத்திவிட்டேன். அதுவும் போய்விட்டது. அன்றைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னை நானே செருப்பால் ஒரு அடி அடித்துக்கொண்டேன். நாடகம் இல்லை, நிஜமாகவே. வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை. முதலாளி கூண்டை ஏற்றிவரப் பட்டறைக்குப் போய்விட்டார். ராஜாளிக்காகக் கையில் சுற்றிய அதே கோணிச்சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு மண்ணில் குப்புறப் படுத்தேன். சாக்கில் இருந்த ஓட்டை வழியாகப் பெட்டி மட்டும் தெரிந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். வேலிப்பக்கம் காலடிச் சத்தம். முதலாளி இல்லை, செருப்புச் சத்தம் வேறு. ஓட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா. ஆடி வெள்ளி என்று கொழுக்கட்டை செய்து காலையிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், தாழம்புதருக்குப் பக்கத்தில், சரியாகச் செம்போத்து வருகிற இடத்தில் நிற்கிறார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? "வச்சுட்டுப் போம்மா" என்று கத்தினால் எல்லாம் கெட்டுவிடும். கையசைத்தாலும் கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அம்மா என்னைத் தேடினார்கள். பெட்டியைப் பார்த்தார்கள். சாக்கைப் பார்த்தார்கள். சாக்குக்கு வெளியே என் இரண்டு பாதமும் நீட்டிக்கொண்டிருந்ததாம், பிறகு சொன்னார்கள். அப்படியே நின்றார்கள். அடுப்படியிலேயே நிற்காமல் ஓடுகிற ஆள் எங்கள் அம்மா. என் அவசரம் அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் நின்றார்கள், நான் கிடந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. வெயில் சாக்கின்மேல் ஏறிவிட்டது.

"ஊப்."

அம்மாவின் காலடிக்கு நாலு முழம் தள்ளி, புதரிலிருந்து அது நடந்து வெளியே வந்தது. வாயில் ஓணான். அம்மாவை ஒரு பார்வை பார்த்தது. அம்மா மூச்சுகூட விட்ட மாதிரித் தெரியவில்லை. வேலியில் தாவியது. அங்கிருந்து பெட்டி விளிம்பு. ஜெட்டு வாயைப் பிளந்தது. ஓணான் உள்ளே போனது. அவ்வளவுதான். பன்னிரண்டு நாளாக நான் தடுத்த வேலை முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு அது கீழே குதித்து இரண்டு எட்டு நடந்தது. நின்று திரும்பிப் பார்த்தது. ஜெட்டு பெட்டியிலிருந்து குதித்தது, உருண்டது, எழுந்தது, பின்னால் நடந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து வீசி வீசி நான் கற்றுக்கொடுத்த பறத்தல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஜெட்டு என்று பேர் வைத்த பிராணி தன் வீட்டுக்கு நடந்துதான் போனது. என்னைத் திரும்பிப் பார்க்கும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. போகிற போக்கில் என் உண்டிவில்மேல் கறுப்பாகக் கழிந்துவிட்டுப் போனது.

எனக்குப் பாசம் எல்லாம் கிடையாது. நிம்மதியாகத்தான் இருந்தது. சாக்கை விட்டு வெளியே வரக் கொஞ்சம் நேரம் ஆனது, அவ்வளவுதான்.

"கொழுக்கட்டை ஆறிப்போச்சு" என்றார்கள் அம்மா.

ஆறின கொழுக்கட்டையை இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தின்றுகொண்டிருந்தபோது முதலாளி டெம்போவில் கூண்டோடு வந்து இறங்கினார். கையில் சூடமும் பூவும். காலிப் பெட்டியைப் பார்த்தார்.

"எங்கடி லட்சுமி?"

"அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க மொதலாளி."

"நீ என்னா பண்ணிட்டிருந்த?"

"கொழுக்கட்டை தின்னுட்டிருந்தேன்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உண்மை. அவர் கத்தவில்லை. கொண்டுவந்த சூடத்தை வீணாக்க வேண்டாம் என்று வெறும் கூண்டுக்கே காட்டினார். பிறகு சொன்னார்: "இந்தக் கூண்டு ஏன் காலியா இருக்குன்னு வர்றவன் எல்லாம் கேப்பான். ஒவ்வொருத்தனுக்கும் நீதான் சொல்லணும். ஒரு வரி விடாம சொல்லணும்." இன்றைக்குக் காலையிலிருந்து நீங்கள் நாலாவது ஆள். கூண்டுக் கதவைப் பாருங்க, திறந்தே வைத்திருக்கிறார். தானாக வந்து உட்காருமாம். மணி பிளான்ட்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சத்தம் கேட்கிறதா? "ஊப், ஊப்." வாய்க்கால் பக்கம். காலையில் வந்தால் குஞ்சுகளைப் பார்க்கலாம், மூன்று நடக்கும். முதலில் போவதுதான் ஜெட்டு என்று எல்லோரிடமும் சொல்வேன். உங்களிடம் பொய் எதற்கு, எது ஜெட்டு என்று எனக்குத் தெரியாது. மூன்றும் நடக்கின்றன. மூன்றுக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

அதோ, குட்டியானை வந்துவிட்டது. டிரைவர் வாயில் இன்னும் வடை. எழுந்திருங்க அண்ணே. பிள்ளைகளைப் படுக்க வைக்காதீங்க, நிறுத்தி வைத்தே ஏற்றச் சொல்லுங்க. இறக்கினதும் நிழலில் வையுங்க.

யார், வேலியோரம் நிற்கிறதா? எங்கள் அம்மாதான். தினமும் இந்த நேரத்துக்கு வந்து நிற்பார்கள். இப்போதெல்லாம் கத்தி விரட்டுவதில்லை, தொண்டை வலிக்கிறது. ஃபாரமா? அது இந்தச் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மழை வருகிற மாதிரி இருந்தது, நனைந்துவிடுமே என்று வைத்தேன், வேறொன்றும் இல்லை. மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறதாம்.

எதற்குத்தான் இந்த வெயிலில் இவ்வளவு தூரம் நடந்து வருகிறார்களோ, எனக்குப் புரியவே இல்லை அண்ணே. பாருங்க, இன்றைக்கும் கையில் தூக்கு. ஒரு நாளும் வெறுங்கையோடு வந்ததில்லை.